செய்முறை நோட்டில் இல்லாத பெயர்

ஒருவருக்கு எவ்வளவு சமூக ஆதரவு இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு படிவம் உண்டு. பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏழு கட்டங்கள். முழுக்க மறுப்பதில் தொடங்கி முழுக்க ஏற்பது வரை. நான்கு வாக்கியங்கள் குடும்பத்தைப் பற்றியவை. நான்கு நண்பர்களைப் பற்றியவை. மீதி நான்கு, உங்களுக்கென்று இருக்கிற ஒரு ‘தனிப்பட்ட நபரை’ப் பற்றியவை. கிரிகரி ஜிமெட்டும் அவருடைய சகாக்களும் 1988இல் வெளியிட்டது. முதலில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். சுருக்கமாக இருப்பதால் உலகம் முழுக்கப் பரவியது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வேலைக்குப் போகிற பெண்களின் திண்ணை வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் சமூகப்பணி படித்தவள். போடியில் பிறந்து வளர்ந்தேன். அம்மா ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கியவர். தரையில் உட்கார்ந்து, பெருங்காய், சிறுங்காய், வெடித்தது, நிறம் மாறியது என்று விரல் நுனியாலேயே பிரித்துப் பிரித்து எங்களைப் படிக்கவைத்தார். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு ஊரில் யாருடைய துணை இருக்கிறது என்று கேட்டு எழுதும் வேலை கிடைத்தபோது, தெரிந்த தெருக்கள்தானே என்று ஒத்துக்கொண்டேன். இங்கே நான் சொல்லப்போகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சை மாற்றவில்லை.

‘தனிப்பட்ட நபர்’ என்ற இடத்தில்தான் படிவம் முதலில் முட்டிக்கொண்டது. மனச்சிதைவு நோய்க்குப் பதினெட்டு வருடமாக மருந்து சாப்பிடுகிற ஓர் அக்காவிடம், “உங்களுக்குத் தேவைப்படும்போது பக்கத்தில் இருக்கிற தனிப்பட்ட நபர் ஒருவர் இருக்கிறாரா?” என்று வாசித்தேன். அவர் வாசலைப் பார்த்தார். அம்மா உள்ளே இருக்கிறாரா என்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஏம்மா, அப்பிடி ஒருத்தன் இருந்தா எங்கண்ணன் என்னைய உசுரோட விடுவானா?”

பக்கத்துத் திண்ணையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். சிரிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. புருஷன் விட்டுப்போன ஒரு பெண்ணிடம், அதுவும் ‘புத்தி சரியில்லாதவள்’ என்று தெரு பெயர் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், உனக்கென்று ஒருவர் உண்டா என்று கேட்பது எங்கள் ஊரில் விசாரணை. ஆதரவு பற்றிய கேள்வியாக அது காதில் விழாது.

நண்பர்கள் பகுதி அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. “பிரெண்டுன்னெல்லாம் யாரும் இல்ல. ஜீப்புல கூட வர்றவுக இருக்காக, அவ்வளவுதான்.” படிவத்தின்படி நண்பர்களின் ஆதரவு ஆகக் குறைந்த எண்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்ன என்று பார்க்கத்தான் நான் அதன்பிறகு பல நாள் விடியற்காலையில் எழுந்தேன்.

போடியை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர் மலையடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஏலத்தோட்டங்கள் மேலே, பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. நடுவில் போடிமெட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு மாநிலச் சோதனைச்சாவடிகள். காய் விளைவது அங்கே. விலை பேசப்படுவதில் பாதி இங்கே, ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில். பறிக்கிற கைகளில் ஏராளமானவை தினமும் காலை இங்கிருந்து ஏறி மாலை இங்கேயே இறங்குகின்றன. இருட்டோடு ஜீப்புகள் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்கார வேண்டியதில் எத்தனை பேர் என்று எண்ணாமல் இருப்பதே நல்லது. தூக்குவாளி, பழைய முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, மழைக்காலமென்றால் அட்டைக்கடிக்கு மூக்குப்பொடியோ உப்போ ஒரு பொட்டலம். நெருக்கத்தில் ஒருவர் தூங்கினால் அடுத்தவர் தோளில்தான் தூங்க முடியும்.

அக்கா ஏறுகிற ஜீப்பில் ஒரு மதினி இருக்கிறார். ரத்த உறவு இல்லை. ஒரே தெரு, முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம். அவர் வேலை காலை நாலேகாலுக்குத் தொடங்குகிறது. இரவு மாத்திரையின் மயக்கத்தில் அக்காவுக்கு எழுந்திருக்க முடியாது. மதினி வந்து கதவைத் தட்டுவார், எழுந்தாச்சு என்று குரல் கேட்கும்வரை நகரமாட்டார். ஜீப்பில் பின்பக்கத் திறப்பை ஒட்டி உட்காரவிடாமல் உள்ளே தள்ளி உட்காரவைப்பார். தோட்டத்தில் பக்கத்து நிரையை எடுத்துக்கொள்வார். ஏலக்காய் செடியின் தூரிலிருந்து தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, பழுத்தது எது, பிஞ்சு எது என்று பார்த்துப் பறிக்க வேண்டும். மருந்தால் கை நடுங்குகிற நாளில் அக்காவின் பையில் எடை ஏறாது. கங்காணி வருவதற்குள் மதினி தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டுவிடுவார். “மாத்திரை முழுங்குனியா?” என்று கேட்பதும் அவர்தான். ஆனால் தனியாகக் கேட்கமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை போடுகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியோடு இதையும் கலந்துவிடுவார்.

அக்காவுக்கு இன்னமும் சில நாள் குரல்கள் கேட்கும். உதடு அசையத் தொடங்கும். அப்போது ஜீப்பில் யாராவது, “அக்காவுக்குப் போன் வந்துருச்சு” என்பார்கள். சில நேரம் அவரே, “கட் பண்ணிட்டேன்” என்பார். இது கேலியா, அரவணைப்பா என்று வெகுநாள் யோசித்தேன். இரண்டும்தான். மருத்துவமனையில் எந்தக் குழு சிகிச்சையிலும் இவ்வளவு லேசாக அந்தக் குரல்களைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் படிவத்தில் எங்கே எழுதுவது? குடும்பம் இல்லை. நட்பு என்று அவர்களே சொல்வதில்லை. தனிப்பட்ட நபர் என்றால் ஊர் பேசும். மனநோயாளிகளின் உறவு வலையை நேரில் போய்ப் பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, 1978இல் கார்ல் கோஹனும் ஜே சோகோலோவ்ஸ்கியும் வெளியிட்டது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஒற்றை அறைகள் வாடகைக்கு விடும் மலிவு விடுதி ஒன்றில் வசித்த முன்னாள் நோயாளிகளைப் பற்றியது. அவர்கள் யாருமற்றவர்கள் என்பதே பொது நினைப்பு. அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தபோது, வலை சிறியதாக இருந்தாலும் ஆட்கள் இருந்தார்கள். சாப்பாடு, கைமாற்று, பேச்சுத் துணை எல்லாம் நடந்தன. நான் அதைப் படித்தபோது அந்த விடுதியின் தாழ்வாரத்துக்குப் பதிலாக ஜீப்பின் பின்பக்கம்தான் கண்ணில் வந்தது.

ஆனால் ஜீப்பைப் பூசிமெழுகவும் நான் தயாரில்லை. அதே பெண்கள், வீட்டு விசேஷமென்று வந்தால் அக்காவைக் கூப்பிடுவதில்லை.

மதுரை, தேனிப் பக்கத்து வீடுகளில் செய்முறை நோட்டு என்று ஒன்று இருக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு பால்காய்ச்சு, கேதம் எல்லாவற்றுக்கும் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது. நோட்டைத் தொலைத்தால் மானம் போகும். உறவு வலையை வரையச் சொல்லி அயல்நாட்டில் வட்டம் வட்டமாக வரைபடத் தாள் கொடுப்பார்கள். நடுவில் நீங்கள், சுற்றிலும் உங்கள் ஆட்கள். எங்கள் ஊரில் அந்த வரைபடம் முன்பே எழுதப்பட்டுப் பரணில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதிலிருந்து, படிவத்தை மூடிவைத்துவிட்டு நோட்டைக் கேட்க ஆரம்பித்தேன். “போன வருசம் உங்க பேருக்கு எத்தன பத்திரிகை வந்துச்சு?” என்று கேட்டால் உடனே பதில் வரும். உடன்படுகிறேன், உடன்படவில்லை என்ற தடுமாற்றம் இல்லை.

அக்காவின் வீட்டு நோட்டை அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்தார். நீல அட்டை, ஓரம் கரையான் அரித்தது. கல்யாணமான புதிதில் அக்காவின் பெயரும் புருஷன் பெயரும் சேர்ந்து பல பக்கங்களில் வருகின்றன. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நோய் வந்தது. அந்த வருடத்தோடு பெயர் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எல்லாமே அம்மா பெயரில்.

மதினியின் மகளுக்குச் சடங்கு வைத்தபோது அக்கா தன் கூலியிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து வைத்தார். விசேஷத்துக்கு அம்மா மட்டும் போனார். பணம் அம்மா பெயரில் எழுதப்பட்டது. “என் பேருல எழுதச் சொல்லியிருக்கலாம்ல?” என்று அக்கா கேட்டாராம். அம்மா என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, சேலை முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உன் பேருல எழுதுனா திருப்பி எதுக்குத்தா செய்வாக? உனக்கு என்ன விசேசம் வரப்போகுது?”

ஒரு பெண்ணின் பெயரில் விசேஷம் வர வேண்டுமென்றால் அவளுக்குப் புருஷனோ பிள்ளையோ இருக்க வேண்டும். அக்காவுக்கு இருவருமே எங்கோ இருக்கிறார்கள். புருஷன் வேறு ஊரில் வேறு பெண்ணோடு. பிள்ளைகள் அவருடைய தாயிடம். தாலி அக்கா கழுத்தில்.

சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தை 1984இல் டாக்டர் எம். சாரதா மேனன் தொடங்கினார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, மருந்து மட்டும் போதாது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தவர். அதே நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும், மனச்சிதைவு நோயோடு திருமணம் முறிந்த 76 பெண்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சந்தித்து எழுதிய கட்டுரைகள் 2003இல் வெளிவந்தன. என் வேலைக்கு அந்தக் கட்டுரைகள் எந்த அளவுகோலையும்விட உதவியாக இருந்தன. மனநோயின் களங்கத்தைவிட, புருஷனால் விடப்பட்டவள் என்ற களங்கம்தான் அந்தப் பெண்களையும் குடும்பத்தையும் அதிகம் அறுத்தது என்பது அவர்கள் கண்டது. பராமரிப்பு முழுக்க வயதான பெற்றோர் தலையில். முறையாக விவாகரத்து வாங்கியவர்கள் குறைவு, ஜீவனாம்சம் அரிது. போடியில் நான் பார்த்தது அச்சு அசல் அதுதான்.

சட்டம் இவர்களை முழுக்கக் கைவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 13, துணையின் மனநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. ஆனால் ராம் நாராயண் குப்தா எதிர் ராமேஸ்வரி குப்தா வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு என்று ஒரு சீட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நோயின் தன்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. மனைவிக்கு நோய் என்று சொல்லி வந்த கணவரின் வழக்கு அது. நல்ல தீர்ப்பு. எங்கள் தெருவில் அதனால் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் இங்கே யாரும் நீதிமன்றத்துக்கே போவதில்லை. பிரசவத்துக்கு அனுப்புவதுபோல் ஆட்டோவில் ஏற்றித் தாய்வீட்டில் இறக்கிவிடுகிறார்கள். அத்தோடு முடிந்தது.

ஆணுக்கு நோய் வந்தால்? நான் போன வீடுகளில், நோயுற்ற ஆண்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மனைவி. மனைவி இல்லாவிட்டால் அம்மா. நோயுற்ற பெண்களுக்கு அம்மா, அக்கா தங்கை, அல்லது மகள். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளை, அம்மாவைத் தனியாக விட முடியாது என்று வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள். அவளிடம், “அம்மாவுக்கு யார் ஆதரவு?” என்று கேட்டேன். “குடும்பம்தான்” என்று பாடப்புத்தகத்தில் இருந்து வாசிப்பதுபோல் சொன்னாள். குடும்பம் அவள்தான். படிவத்தில் அந்த வீட்டுக்குக் குடும்ப ஆதரவு அதிகம் என்று விழுந்தது.

இந்தக் ‘குடும்பம்’ என்ற சொல் மனநல மருத்துவத்தில் இந்தியாவின் பெருமையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் வீட்டாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். மேற்கு நாடுகளில் நோயாளியைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தை வெளியே அனுப்பிய காலத்தில் இது பெரிய விஷயம். நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயைப் பற்றிச் செய்த ஆய்வு வந்தது. இந்தியாவில் ஆக்ரா அதில் ஒரு மையம். பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள் என்று முடிவு வந்தபோது, பலரும் சொன்ன காரணம் கூட்டுக் குடும்பம், நெருங்கிய உறவு. அந்த முடிவைப் பின்னாளில் பல ஆய்வாளர்கள் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். எனக்குள்ள கேள்வி இன்னும் சின்னது: அந்தக் கூடாரத்தில் தங்கிச் சமைத்தது யார்? வீட்டில் விட்டுவந்த வேலையை யார் பார்த்தார்கள்? அவருக்குத் தலைவலி வந்தால் யார் தைலம் தேய்த்தார்கள்?

அக்காவின் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது. ஸ்டோரில் கீழே உட்கார முடியாமல் நின்றுவிட்டார். அவருடைய ஆதரவு வலையை அளக்க என் பையில் தாள் எதுவும் இல்லை. நானாக ஒரு நோட்டில் கேட்டு எழுதினேன். கடைசியாக ஒரு கல்யாண வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டதற்கு, அக்காவுக்கு நோய் வருவதற்கு முந்தின வருடத்தைச் சொன்னார்.

குடும்பம் ஓய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது: ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார்தான். பணம் அனுப்பினார்கள், சிலர் வந்து பார்த்தார்கள், சிலர் வரவில்லை. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. என் பாட்டி காலத்திலிருந்தே எங்கள் பக்கம் நோய் தீராவிட்டால் ஏர்வாடி, குணசீலம், மலைக்கு அந்தப் பக்கம் சோட்டானிக்கரை என்று போவது வழக்கம். அம்மாவும் அக்காவைக் குணசீலத்தில் ஒரு மண்டலம் வைத்திருந்தார். “அங்கனதான் நானும் நல்லா தூங்குனேன்” என்றார் அவர்.

அந்தப் பேச்சு எனக்கு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை நினைவூட்டியது. ராகுராமும் சகாக்களும், தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சாமி குணமாக்கியது என்று அவர்கள் சொல்லவில்லை. அச்சுறுத்தாத, ஏற்றுக்கொள்கிற இடம் என்றார்கள். நான் கூடுதலாக ஒன்று சேர்ப்பேன்: அப்படிப்பட்ட இடத்தில் பார்த்துக்கொள்கிற பெண்ணும், அதே நிலையில் இருக்கிற இன்னும் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். வீட்டில் அது முடியாது.

எங்கள் ஊரின் வலைக்கு இன்னொரு பலவீனம், அது மாநில எல்லையைத் தாண்டி ஓடுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டை மூண்டபோது மலைமேல் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கினார்கள், ஜீப்புகள் நின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து போடிமெட்டு மூடப்பட்டது. கெடுபிடி மாதக்கணக்கில் நீடித்தது. கூலி போனதைப் பற்றிச் செய்திகள் வந்தன. அக்காவுக்கு ஜீப்பே போய்விட்டது. நாலேகாலுக்குக் கதவைத் தட்ட யாருக்கும் காரணம் இல்லை. மாத்திரையை நினைவுபடுத்துகிற சாப்பாட்டு வட்டம் இல்லை. மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார், நான்காவது மாதம் இரவில் தெருவில் நடக்க ஆரம்பித்தார். மதினி போலீசுக்குப் பயந்து பயந்து சந்து வழியாக வந்து, திண்ணையில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். “வேலையில்லாதப்ப அவள எதுக்குப் பார்க்கப் போற?” என்று மதினியின் வீட்டுக்காரர் சத்தம் போட்டிருக்கிறார். வேலைக்குப் போகிற சாக்கு இருந்தவரைக்கும் அந்த உறவை யாரும் கேட்கவில்லை.

வேலை திரும்பத் தொடங்கியபோது ஜீப் ஓட்டுபவர், மலைப்பாதையில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று அக்காவை ஏற்ற மறுத்தார். ஜீப் பெண்கள் சண்டை போடவில்லை. ஏற்றினால்தான் நாங்களும் ஏறுவோம் என்று நிற்க அவர்களுக்கும் வசதி கிடையாது. குழுக் கடன் தவணை வாரா வாரம் நிற்கிறது. மதினி மட்டும் தினமும் மாலை, “இன்னைக்கு ரெண்டு நேரமும் மாத்திரை போட்டுட்டா” என்று ஓட்டுநரிடம் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாவது வாரம் அவர் ஒன்றும் பேசாமல் இடம் விட்டார்.

குழுக் கடன் என்றேன். அந்தக் குழுவில் அக்கா இல்லை. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் என்ற ஏற்பாட்டில் அவரை யாரும் சேர்ப்பதில்லை. ஒருவிதத்தில் நல்லதே என்று நினைத்ததுண்டு, வசூலுக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டவள் என்ற முறையில். ஆனால் நல்லது என்று அவருக்காக நான் முடிவு செய்ய முடியாது. அவருக்கு ஒரு தையல் மிஷின் வாங்க ஆசை.

அம்மாவுக்குப் பிறகு என்ன என்ற பேச்சு சென்ற ஆண்டு வந்தது. அண்ணன் பொதுவாக, “பாத்துக்கிருவோம்” என்றார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற மூன்று இடங்கள் இருக்கின்றன. சங்கிலி கூடாது என்பது ஒன்று. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது, பிரிவு 14. நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க இயலாத நேரத்தில் சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணை நிற்க, ஒருவரை நியமனப் பிரதிநிதியாக எழுதி வைக்கலாம். வெள்ளைத் தாள் போதும். கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ போதும். வயது வந்தவராக, அதைச் செய்யக்கூடியவராக, சம்மதிப்பவராக இருக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எழுதி வைக்காவிட்டால் உறவினர் முன்னால் வருவார், அதாவது அண்ணன்.

இதை நான் விளக்கியபோது அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மதினி பெயரைச் சொன்னார்.

மதினிதான் யோசித்தார். “ரேசன் கார்டுல நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆசுபத்திரில நான் யாருன்னு கேட்டா என்ன சொல்ல?” என்றார். அண்ணனுக்குத் தெரிந்தால் தெருவில் சண்டை வரும் என்றார். தன் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்றும் யோசித்தார். நான்கு நாள் கழித்து, காய் பறித்துவிட்டு வந்த கையோடு, நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை போகாமல், வந்து கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கு அம்மா சொல்லிவிட்டார். அவர் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊசி போடுகிற நாள் மாதம் ஒருமுறை வருகிறது. தேனியில் பஸ் மாறி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நின்று, திரும்ப மதியம் மூன்று ஆகும். இதுவரை அம்மா கூடப் போனார். இனி மதினி போக வேண்டும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. அக்காவின் ஒரு நாள் கூலி நோய்க்குப் போகிறது என்றால் புரிந்துகொள்ளலாம். மதினியின் கூலியை யார் தருவது என்று நான் இதுவரை மூன்று அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு தலைப்பு இல்லை என்றார்கள். ஜீப் பெண்கள் ஆளுக்கு இருபது ரூபாய் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போட்டால், அதை எந்த நோட்டில், யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் இப்போது தகராறு.